காலை இழுப்பதும் காலை வாருவதும்

ஹட்டனிலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போன முதல் மாதம். நான் சொன்ன ஏதோ ஒன்றுக்கு மேலதிகாரி சிரித்துக்கொண்டே, "ஆர் யூ புல்லிங் மை லெக்?" என்று கேட்டார். எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. காலைப் பிடித்து இழுப்பதென்றால் நம் பேச்சில் காலை வாருவதுதானே? கூட இருந்தே கவிழ்க்கப் பார்க்கிறேன் என்கிறார் என்று நினைத்து, "சத்தியமாக இல்லை சேர்" என்று தழுதழுத்தேன். அவர் கேட்டதோ, "விளையாட்டுக்குச் சொல்கிறீர்களா?" என்று மட்டுந்தான்.

இப்போது ஊரில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். ஆங்கில மரபுத்தொடர் என்றதும் முதலில் இதைத்தான் சொல்வேன். 'கிக் த பக்கெட்' என்று வந்தால், வாளியை ஏன் உதைக்க வேண்டும் என்று யாருக்கும் சந்தேகம் வரும், அகராதியைப் புரட்டுவார்கள். நம்மை ஏமாற்றுபவை, தமிழில் ஏற்கனவே தெரிந்ததைப் போல இருக்கும் தொடர்கள்தான். சந்தேகமே வராது.

'திக் ஸ்கின்ட்' என்பதைப் பாருங்கள். எருமைத் தோல் என்று நாம் சொன்னால் அது வசவு. ஆங்கிலத்தில், யார் என்ன சொன்னாலும் மனம் உடையாதவர் என்று பொருள், பாராட்டாகவும் வரும். 'ஈட் யுவர் வேர்ட்ஸ்' என்றால், சொன்னது பிழை என்று ஒப்புக்கொள்ள நேர்வது. நாம் வார்த்தையை மென்று விழுங்குவது தயக்கத்தில். அதற்காக எல்லா ஒற்றுமையையும் சந்தேகிக்க வேண்டாம். ஒருவரைக் கை கழுவிவிடுவது இரண்டு மொழியிலும் ஒன்றேதான்.

பொருள் தெரிந்த பிறகும் ஒரு பிழை நடக்கும், இடம் பார்க்காமல் போடுவது. 'கிக் த பக்கெட்' என்பது நம் 'மண்டையைப் போட்டுவிட்டார்' மாதிரி. அனுதாபக் கடிதத்தில் அதை எழுதலாமா? சொல்லை மாற்றுவதும் கூடாது. 'கை கழுவினான்' என்பதைக் 'கரம் அலம்பினான்' என்றால் வெறும் தண்ணீர்தான் மிஞ்சும். வாளிக்கு வேறு ஆங்கிலச் சொல் போட்டாலும் அதே கதிதான்.

அப்புறம், ஊர். ஊர் மாறினால் பொருளும் மாறும். அணிவகுப்பைச் சொல்லும் பரேட் என்ற சொல் நம் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து பெரட்டாகி, காலையில் வேலை பிரிக்கும் இடமாகிவிட்டதே, அப்படித்தான். ஒரு பிரேரணையை 'டேபிள்' செய்வது என்றால் பிரித்தானியாவில் விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் ஒத்திவைப்பது. அமெரிக்க வாடிக்கையாளரோடு பேசும் நம் பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

கொப்பியில் தொடரை மட்டும் எழுதாதீர்கள். யார், யாரிடம், எப்போது சொன்னார் என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். ஒருமுறை பிளேன்டீ நீட்டியபோது ஒரு மாணவி, "நொட் மை கப் ஒஃப் டீ" என்றாள். வேண்டாம் என்று சொல்ல நினைத்திருக்கிறாள். அந்தத் தொடருக்கு 'இது எனக்குப் பிடித்தமானது இல்லை' என்று பொருள். கிரிக்கெட்டைச் சொல்லலாம், சத்தமான பாட்டைச் சொல்லலாம். ஆசையாகத் தேநீர் ஊற்றித் தருகிறவரிடம் "நோ, தேங்க் யூ" போதும்.