6502 போர்டு கட்டும்போதும் விரிவாக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

6502 பிராசஸர் வந்தது 1975-இல். அதன் சிமாஸ் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிப் வகை) வடிவமான டபிள்யூ65சி02-ஐ வெஸ்டர்ன் டிசைன் சென்டர் இன்றும் புதிதாகத் தயாரித்து விற்கிறது. அதை வைத்து வீட்டிலேயே ஒரு சிங்கிள் போர்டு கம்ப்யூட்டர் கட்டிவிடலாம். கொஞ்சமும் ஓடாத போர்டைச் சரிசெய்வது சுலபம். காலையில் ஓடி, சாயங்காலம் மக்கர் செய்கிற போர்டுதான் ஆளை வதைக்கும். உடனே புரோகிராமில்தான் பிழை என்று தேட ஆரம்பிப்போம். பெரும்பாலும் கோளாறு வயரிங்கில் இருக்கும்.

ரேம், ரோம், சீரியல் சிப் எல்லாவற்றையும் இணைத்துவிட்டு ஒரேயடியாகப் பவர் கொடுக்காதீர்கள். முதலில் பிராசஸரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். டேட்டா பஸ்ஸின் (தரவு போய்வரும் வயர்கள்) எட்டு பின்களையும் 1 கிலோஓம் ரெசிஸ்டர்கள் வழியாக 5 வோல்ட்டுக்கோ கிரவுண்டுக்கோ இழுத்து, 11101010 நிற்கும்படி செய்யுங்கள். 6502-க்கு அது 'ஒன்றும் செய்யாதே' என்ற கட்டளை. பிராசஸர் அதையே திரும்பத் திரும்பப் படித்தபடி அட்ரஸை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகும். கிளாக் (பிராசஸருக்குத் தாளம் போடும் துடிப்பு) 1 மெகாஹெர்ட்ஸ் என்றால், அட்ரஸின் உச்ச பிட்டான ஏ15 பின்னில் ரெசிஸ்டருடன் மாட்டிய எல்இடி நொடிக்கு ஏழெட்டு முறை துடிக்கும். துடிக்கவில்லையா? அடுத்த சிப்பைத் தொடாதீர்கள்.

அப்படித் துடிக்காவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது, எங்கும் இணைக்காமல் காற்றில் விட்ட இன்புட் பின்கள். சிமாஸ் சிப்பில் அவை பக்கத்தில் கை கொண்டுபோனாலே மாறும். ஐஆர்க்யூ, என்எம்ஐ (இரண்டும் குறுக்கீட்டுக்கான பின்கள்), பிஇ (பஸ்ஸை இயக்க விடுவது), ஆர்டிஒய் (தயார் என்று சொல்வது) நான்கையும் சில கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டில் கட்டுங்கள். ஆர்டிஒய்-ஐ நேரடியாகக் கட்டிவிடக் கூடாது. காத்திருக்கும் கட்டளை வரும்போது சிப்பே அதைக் கீழே இழுக்கும். இன்னொன்று: பழைய 6502-இல் 1-ஆம் பின் கிரவுண்ட், புதிய சிப்பில் அதே பின் ஒரு அவுட்புட். எழுபதுகளின் போர்டில் புதிய சிப்பை அப்படியே செருகினால் அந்த அவுட்புட் ஷார்ட் ஆகும்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது ரேமில் எழுதும் இடத்தில். இன்னொரு பழைய பிராசஸரான இசட்80-இல் எழுதுவதற்குத் தனி சிக்னல் உண்டு. அட்ரஸ் நிலைத்த பிறகுதான் அது வரும். 6502-இல் படிக்கவும் எழுதவும் சேர்த்து ஒரே பின். கிளாக் கீழே இருக்கும் நேரத்தில் அட்ரஸ் மாறிக்கொண்டிருக்கும். அந்தப் பின்னை நேரே ரேமின் ரைட் பின்னுக்குக் கொடுத்தால், மாறுகிற நேரத்தில் வேறு ஏதோ இடத்தில் குப்பை எழுதப்படும். எப்போதாவது ஒரு பைட்தான் கெடும். கண்டுபிடிக்கவே முடியாது. ஒரு நேண்ட் கேட் போட்டு, கிளாக் மேலே இருக்கும்போது மட்டும் எழுதும்படி செய்யுங்கள்.

இதைக் கற்றுக்கொண்டவர்கள் அடுத்து செய்யும் தவறு, வெளிக் கருவிகளை இணைக்கும் 65சி22 சிப்பின் சிப் செலக்டையும் (அந்தச் சிப்பைத் தேர்ந்தெடுக்கும் பின்) அதே போல கிளாக்குடன் கட்டுவது. அந்தச் சிப் கிளாக்கைத் தானே வாங்கிக்கொள்ளும். கிளாக் ஏறுவதற்கு முன்பே அதன் செலக்ட் தயாராக இருக்க வேண்டும். ஆகவே ரேமுக்கு ஒரு நியாயம், இதற்கு ஒரு நியாயம்.

ஒவ்வொரு சிப்பின் பவர் பின்னுக்கும் பக்கத்தில் '104' என்று போட்ட (0.1 மைக்ரோஃபாரட்) கெப்பாசிட்டர் ஒன்று கட்டாயம். 5 வோல்ட் வருகிறதா என்பதை அடாப்டரில் அளக்காமல் சிப்பின் காலிலேயே அளந்து பாருங்கள். மலிவான பிரெட்போர்டு வழியிலேயே கொஞ்சம் தின்றுவிடும்.

விரிவாக்கும்போது கையில் கிடைத்த 74எல்எஸ் வகை லாஜிக் சிப்பை, அதன் சிக்னலை வாங்கும் 74எச்சி வகைச் சிப்புக்கு முன்னால் போடாதீர்கள். '1' என்று காட்ட எல்எஸ் சுமார் 2.7 வோல்ட்டுக்குத்தான் உத்தரவாதம் தரும், எச்சி 3.5 வோல்ட் கேட்கும். எச்சி-க்குப் பதில் எச்சிடி வகை வாங்கினால் பிரச்சினை இல்லை. கிளாக்கை ஏற்றும் ஆசையும் எல்லோருக்கும் வரும். 150 நானோநொடி வேக 28சி256 ரோம் 1 மெகாஹெர்ட்ஸில் சுகமாக ஓடும். 8 மெகாஹெர்ட்ஸில் ஒரு முழுச் சுற்றே 125 நானோநொடிதான், அங்கே அதற்கு வழியே இல்லை. ரோமில் உள்ளதை ரேமுக்கு நகலெடுத்து ஓட்டுவது ஒரு வழிதான். ஆனால் அந்த நகலெடுப்பு முடியும்வரை கிளாக்கைக் குறைத்து வைத்திருக்க வேண்டும்.

சீரியல் இணைப்புக்கு டபிள்யூ65சி51என் வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்த எழுத்தை அனுப்பலாம் என்று சொல்லும் அதன் ஸ்டேட்டஸ் பிட் எப்போதுமே 'அனுப்பலாம்' என்றுதான் காட்டும். இது சிப்பிலேயே உள்ள குறை. அதை நம்பி அனுப்பினால் எழுத்துகள் காணாமல் போகும். 19200 பாட் வேகத்தில் ஒரு எழுத்து போய்ச்சேர சுமார் 0.52 மில்லிநொடி ஆகும். அதைவிடச் சற்று அதிகமான தாமத லூப்பைப் புரோகிராமில் வையுங்கள். அப்புறம் கிளாக்கை ஏற்றினால் அந்த லூப்பையும் கூடவே நீட்ட வேண்டும்.