படத்தின் மூலத்தைத் தேடும் ஸ்கிரிப்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெர்மினலில் ஒரு கட்டளை அடித்தால் படம் முதலில் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும் என்று நம்பி ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள், நாங்கள் எல்லாம் ஆரம்பத்தில் விழுந்த அதே குழிகளில் விழுவதைப் பார்க்கிறேன். ஏபிஐ சாவியை (தேடல் சேவையை ஸ்கிரிப்ட் அழைக்கத் தேவையான கடவுச்சொல் மாதிரி) மறப்பது, கோப்பின் பாதையைத் தப்பாகக் கொடுப்பது எல்லாம் பிழைச்செய்தி வந்ததுமே சரியாகிவிடும், அவற்றை விடுங்கள். பிழையே காட்டாமல் தப்பான பதிலைத் தருகிறவைதான் ஆபத்து.

முதல் முடிவையே மூலம் என்று எடுத்துக்கொள்வது

இன்னும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். படத்தைக் கொடுத்தால் அதைப்போன்ற படங்களைத் தேடித்தரும் சாஸ்நாவோ தளம் 95 சதவீதம் ஒற்றுமை என்று சொன்னால், உங்கள் படமும் அதன் தரவுத்தளத்தில் உள்ள படமும் ஒன்றுபோல் இருக்கின்றன, அவ்வளவுதான். யார் வரைந்தார், யார் முதலில் பதிவேற்றினார் என்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. யாரோ எடுத்துப்போட்ட நகலுக்கும் அதே எண் வரும். உங்களிடம் இருப்பது அந்த நகலிலிருந்தே வந்தது என்றால் மூலத்தைவிட அதற்குக் கூடுதலாகவும் வரலாம்.

புதிதாகக் கற்ற ஒருவர் ஒரு கோப்புறை நிறைய ஓவியங்களை ஸ்கிரிப்டில் ஓட்டி, முதல் முடிவில் இருந்த கணக்கின் பெயரையே ஓவியர் பெயராக வைத்து எல்லாக் கோப்புகளையும் பெயர் மாற்றிவிட்டார். பல படங்களில் மறுபதிவு போடுகிறவர்களின் பெயர் ஏறிவிட்டது. அதைவிடக் கொடுமை, பழைய பெயர்கள் சிலவற்றில், ஓவியர்கள் படம் போடும் தளமான பிக்சிவின் பதிவு எண் இருந்தது, அதை வைத்து நேராக ஓவியரின் பக்கத்துக்கே போயிருக்கலாம், அதுவும் அழிந்தது. வரைந்தவருக்குப் போக வேண்டிய பெயர் இப்படித்தான் தொலைகிறது.

எல்லா முடிவுகளையும் ஜேசனாக (தரவைச் சேமிக்கும் ஒரு உரைவடிவம்) சேமியுங்கள். அப்புறம் ஒவ்வொரு முகவரியாகத் திறந்து, பதிவுத் தேதியையும், அது ஓவியரின் சொந்தக் கணக்குதானா என்பதையும் கண்ணால் பாருங்கள். பிக்சல் அளவை மட்டும் நம்பாதீர்கள், நகலைப் பெரிதாக்கிப் போடுகிறவர்களும் உண்டு.

டின்ஐ காட்டும் தேதி

டின்ஐயும் ஒரு படத்தேடல் தளம்தான். அது காட்டும் தேதி, அந்தப் படத்தை அது முதலில் கண்ட நாள். வெளியான நாள் அல்ல.

எம்டி5 வைத்துத் தேடுவது

எம்டி5 என்பது கோப்பின் பைட்டுகளிலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரி, கோப்பில் ஒரு பைட் மாறினாலும் அது மாறிவிடும். மெசேஜ் செயலி வழியாக வந்த படம் பெரும்பாலும் மறுபடி சுருக்கப்பட்டிருக்கும், அதனால் பொருந்தாது. படத்தின் தோற்றத்தை வைத்துக் கணக்கிடும் பெர்செப்சுவல் ஹேஷ் சுருக்கத்தைத் தாங்கும், ஆனால் நன்றாக வெட்டிய படத்திலும் இடவலம் திருப்பிய படத்திலும் தடுமாறும்.

எக்ஸிஃப்

கேமராவோ மென்பொருளோ படக்கோப்புக்குள் எழுதிவைக்கும் தேதி, கருவி போன்ற விவரங்கள் இவை. சமூக வலைத்தளத்திலிருந்து இறக்கிய படத்தில் பெரும்பாலும் இருக்காது.

வரம்பைக் கவனிக்காத லூப்

சாஸ்நாவோவில் எத்தனை முறை தேடலாம் என்பதற்கு 30 விநாடிக்கு ஒரு வரம்பு, 24 மணி நேரத்துக்கு ஒரு வரம்பு. எவ்வளவு மீதம் என்பது பதிலிலேயே வருகிறது, அதைப் படித்துக் காத்திருக்கச் சொல்லுங்கள். வரம்பைத் தாண்டியதைச் சொல்லும் 429 என்ற பிழை எண் வந்ததைப் பல ஸ்கிரிப்டுகள் ‘முடிவு இல்லை’ என்று பதிந்துவிட்டு அடுத்த படத்துக்குப் போகின்றன, அந்தப் படங்களை அப்புறம் யாரும் திரும்பத் தேடுவதே இல்லை.