தோல் லாட்டுக்குப் பிளாக்செயின்: முதலில் ஆளை எண்ணுங்கள்

பேரணாம்பட்டில் பதனிட்ட தோல் ஆம்பூரில் ஷூவாகிக் கப்பல் ஏறுவதற்குள் நாலைந்து கை மாறுகிறது. அந்தக் கைமாற்றங்களை அமேசான் மேனேஜ்டு பிளாக்செயினில் (பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் பதிவேட்டை அமேசான் நடத்தித் தரும் சேவை), ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் (அந்தப் பதிவேட்டுக்கான மென்பொருள்) வைத்துப் பதிய நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "ஒரு நாளைக்கு எத்தனை என்ட்ரி தாங்கும்?" என்றுதான். ஆனால் முதலில் இடிப்பது உறுப்பினர், அதாவது நெட்வொர்க்கில் சேரும் நிறுவனங்களின், எண்ணிக்கை.

சிறிய திட்டமான ஸ்டார்ட்டர் எடிஷனில் ஒரு நெட்வொர்க்குக்கு 5 உறுப்பினர், ஓர் உறுப்பினருக்கு 2 பியர் நோடு (பதிவேட்டின் நகலை வைத்திருக்கும் கணினி), மொத்தம் 3 சேனல் (சேர்ந்தவர்கள் மட்டும் பார்க்கும் தனிப் பதிவேடு). பெரிய திட்டமான ஸ்டாண்டர்டில் 14 உறுப்பினர், 3 நோடு, 8 சேனல். பேரணாம்பட்டு டேனரி, ராணிப்பேட்டை ஃபினிஷிங் யூனிட், பரிசோதனைக் கூடம், ஆம்பூர் ஷூ கம்பெனி, ஏற்றுமதியாளர் என்று ஸ்டார்ட்டரின் ஐந்து இடமும் நிரம்பிவிடும். ஆறாவதாக வாணியம்பாடி டேனரி வந்தால் இடமில்லை. எடிஷனை நடுவில் மாற்ற முடியாது; புது நெட்வொர்க் போட்டு, எல்லோரையும் மறுபடி அழைத்து, செயின்கோடை (பதிவு விதிகளை எழுதிய நிரல்) ஏற்ற வேண்டும். அதனால் இரண்டு வருடத்துக்குள் சேரக்கூடியவர்களை இப்போதே எழுதிப் பாருங்கள். ஐந்தைத் தாண்டும் என்று தோன்றினால் ஸ்டாண்டர்டே எடுங்கள். சின்ன யூனிட்டுகளுக்குத் தனி உறுப்பினர் இடம் தேவையில்லை. பெரிய டேனரியின் ஆப் வழியாகவே பதியலாம்.

புது உறுப்பினரைச் சேர்க்க வாக்கெடுப்பு உண்டு. அதன் காலம் 1 முதல் 168 மணி நேரம் வரை; நெட்வொர்க் தொடங்கும்போதே குறிக்க வேண்டும். 24 என்று போட்டுவிட்டு வியாழன் மாலை முன்மொழிந்தால், வெள்ளி விடுமுறை விடும் டேனரி வாக்குப் போடுவதற்குள் காலாவதியாகிவிடும், திரும்ப முதலிலிருந்து. 72 வையுங்கள். ஐந்து பேரில் "50 சதவீதத்துக்கு மேல்" என்றால் மூன்று வாக்கு வேண்டும்.

என்ட்ரி விஷயத்தில் தடுமாற வைப்பது பெரும்பாலும் சேவையின் கோட்டா அல்ல, நாம் சாவியை (ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டும் பெயர்) அமைத்த விதம். "மொத்த இருப்பு" என்று ஒரே சாவி இருக்கிறது என்று வையுங்கள். கேட்டில் ஒருவரும் குடோனில் ஒருவரும் ஒரே நேரத்தில் வெட் புளூ (குரோமில் பதனிட்ட ஈரத் தோல்) வரவு போடுகிறார்கள். இருவரும் படித்தது ஒரே பதிப்பு. முதலாமவர் எழுதியதும் பதிப்பு மாறிவிடும். இரண்டாவது என்ட்ரி எம்விசிசி ரீட் கான்ஃப்ளிக்ட் (படித்த பிறகு பதிப்பு மாறிவிட்டது என்ற பிழை) என்று செல்லாததாகிவிடும். எண்டார்ஸ்மென்ட் (பியர் நோடுகளின் முன் ஒப்புதல்) சரியாக வந்திருப்பதால், கமிட்டுக்கு (பதிவேட்டில் இறுதியாக ஏறுவது) காத்திராத ஆப் "பதிவானது" என்றே காட்டும், ஆபத்து அங்கேதான். லாட் எண், கட்டம், வரவு எண் மூன்றையும் சேர்த்து ஒவ்வொரு வரவுக்கும் தனிச் சாவி கொடுங்கள். கூட்டுத்தொகையை வெளியே போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் போட்டுக்கொள்ளலாம்.

மாதாந்திர அறிக்கையையும் அங்கிருந்தே எடுங்கள். செயின்கோடுக்குள் எடுக்கப் போனால், ஃபேப்ரிக்கின் இயல்பு அமைப்பிலுள்ள 30 வினாடி வரம்பில் அது அறுந்துவிடும். தோலின் போட்டோவும் லெட்ஜருக்குள் (பதிவேடு) வேண்டாம். எஸ்3-இல் (அமேசானின் கோப்புக் கிடங்கு) போட்டுவிட்டு, அதன் ஷா-256 ஹாஷை (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) மட்டும் பதிந்தால் 64 எழுத்தோடு முடிந்தது.

நெரிசலில் பிழை வந்தால் உடனே திரும்ப அனுப்பாதீர்கள். 1, 2, 4 வினாடி என்று இடைவெளியை இரட்டித்து, கூடவே கொஞ்சம் தற்செயல் தாமதமும் சேருங்கள். இல்லாவிட்டால் எல்லா ஆப்பும் ஒரே நொடியில் மறுபடி மோதும். டைம்அவுட் ஆனால் மட்டும், பரிவர்த்தனை ஐடியை வைத்து அது ஏற்கெனவே ஏறிவிட்டதா என்று பார்த்த பிறகே மறுமுறை அனுப்புங்கள்.