தூங்குமூஞ்சி மரத்துக் காளானுக்குப் பெயர் வைப்பது எப்படி? (உருவமும் டிஎன்ஏவும் சேர்த்து)

மழைக்காலத்தில் பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் பழைய தூங்குமூஞ்சி மரங்களின் தூரைப் பாருங்கள். அரக்கு மினுமினுப்போடு, செம்பழுப்பு நிறத்தில், அரைவட்டத் தட்டாக ஒன்று மரத்தோடு ஒட்டி நிற்கும். பேரினம் கேனோடெர்மா. அது வரை சுலபம். எந்தச் சிற்றினம் என்று கேட்டால்தான் வேலை ஆரம்பிக்கிறது. 'கேனோடெர்மா லூசிடம்' என்று எழுதிவிட்டுப் போவது பழைய வழக்கம். அது ஏன் சரிப்படாது என்று கீழே வருகிறேன். மைக்ரோஸ்கோப் கையாளத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

படி 1: பறிப்பதற்கு முன்

மேல், அடி, பக்கவாட்டு என்று மூன்று படம், பக்கத்தில் ஸ்கேலோடு. என்ன மரம், உயிரோடு இருக்கிறதா, பட்டுப்போனதா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டை நெடுக்காக வெட்டி உள் சதையின் நிறத்தை அங்கேயே எழுதுங்கள், காய்ந்தபின் மாறிவிடும். அடிப்பக்கம் ஒரு மில்லிமீட்டரில் எத்தனை துளை என்று லென்ஸ் வைத்து எண்ணுங்கள்.

பாலித்தீன் பையில் போடாதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் மறுநாளே பச்சைப் பூஞ்சணம் பூத்துவிடும். பேப்பர் கவர் போதும். நவம்பர் வெயிலை நம்பிக் காயவைக்கவும் முடியாது. பழம் காயவைக்கும் டிஹைட்ரேட்டரை 40 டிகிரியில் வைப்பது என் வழி. டிஎன்ஏவுக்கு ஒரு சிறு துண்டை மட்டும் தனியாக சிலிக்கா ஜெல்லில் போட்டுவிடுங்கள்.

படி 2: வித்து (காளானின் ஸ்போர்)

5% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் மெல்லிய சீவல் ஒன்றை வைத்து, 100 மடங்கு ஆயில் லென்ஸில் பாருங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தோலை அரிக்கும். கேனோடெர்மா வித்து பழுப்பாக, முட்டை வடிவில், ஒரு முனை மட்டும் வெட்டியது போல இருக்கும். சுவர் இரண்டடுக்கு, நடுவில் சின்னச் சின்னத் தூண்கள். குறைந்தது 20 வித்தின் நீள அகலம் எடுங்கள். ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் (அளவுகோடு பொறித்த கண்ணாடித் தகடு) இல்லாமல் எடுத்த அளவை யாரும் ஏற்கமாட்டார்கள். கேமராவுக்குச் செலவழிக்கும் காசில் முதலில் அதை வாங்குங்கள்.

படி 3: லேபுக்கு அனுப்புவது

வெளித்தோலிலிருந்து எடுக்கவே கூடாது. உள் சதையிலிருந்து அரிசி அளவு துண்டு, தீயில் காட்டிய பிளேடால். மேல்தோலில் எடுத்தால் ட்ரைக்கோடெர்மா என்ற பச்சைப் பூஞ்சணத்தின் டிஎன்ஏ வரிசை அழகாக வந்து நிற்கும்.

கேட்க வேண்டிய பகுதி ஐடிஎஸ், சிற்றினங்களைப் பிரித்துக் காட்ட உதவும் டிஎன்ஏ துண்டு. 2012-ல் பூஞ்சைகளுக்கான பொது பார்கோடாக முன்மொழியப்பட்டது இதுதான். ஐடிஎஸ்1எஃப், ஐடிஎஸ்4 பிரைமர்கள் (அந்தத் துண்டின் இரு முனைகளைப் பிடித்து நகலெடுக்க உதவும் குட்டி டிஎன்ஏக்கள்) என்று எழுதி அனுப்புங்கள். இரண்டு பக்கமிருந்தும் படிக்கச் சொல்லுங்கள். எழுத்து வரிசை மட்டும் அனுப்பினால் வாங்காதீர்கள், ஏபி1 கோப்பும் (ஒவ்வொரு எழுத்துக்கும் கருவி பதிந்த அலை வரைபடம்) வேண்டும்.

படி 4: ஏபி1 கோப்பைத் திறப்பது

எனக்கு அதிக நாள் பிடித்த இடம் இது. முதல் 30, 40 எழுத்துகள் எப்போதும் குப்பை, வெட்டிவிடலாம். குழப்பம் நடுவில்தான். அலைகள் தெளிவாகப் போய்க்கொண்டே இருக்கும்; திடீரென்று ஓரிடத்திலிருந்து ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு முகடு. கலப்படம் என்று தூக்கிப் போடத் தோன்றும். அவசரப்படாதீர்கள். காளானின் செல்லில் இரண்டு உட்கருக்கள். ஒன்றின் ஐடிஎஸ்ஸில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தால், அந்த இடத்திலிருந்து இரண்டு வரிசையும் ஓர் எழுத்து தள்ளி ஒன்றன்மேல் ஒன்று விழும். எதிர்ப்பக்கத்திலிருந்து படித்தது அதே இடம் வரை தெளிவாக வந்து அங்கே குழம்பினால் காரணம் இதுதான். இரண்டு தெளிவான பாதிகளையும் ஒட்டினால் முழு வரிசை கிடைத்துவிடும். முதல் எழுத்திலிருந்தே இரட்டை முகடு என்றால்தான் கலப்படமென்று சந்தேகியுங்கள்.

படி 5: பிளாஸ்ட்

உங்கள் வரிசையை ஜென்பேங்க் என்ற பொது டிஎன்ஏ களஞ்சியத்தோடு ஒப்பிடும் இணையக் கருவி பிளாஸ்ட். வரிசையை ஒட்டி பொத்தானை அழுத்தினால் 99% பொருத்தத்தோடு முதலில் 'கேனோடெர்மா லூசிடம்' வரலாம். அதை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். லூசிடம் என்ற பெயரை 1781-ல் கர்ட்டிஸ் வைத்தது இங்கிலாந்துக் காளானுக்கு. வெப்பமண்டல மரத்தில் வளர்வதற்கெல்லாம் அதே பெயரைப் பலரும் பல காலம் ஒட்டி ஜென்பேங்கிலும் ஏற்றிவிட்டார்கள். பெயரை ஏற்றியவர்தான் கொடுக்கிறார், கணினி சரிபார்ப்பதில்லை.

அதனால் வகைமாதிரியிலிருந்து (ஒரு சிற்றினத்தின் பெயருக்கு ஆதாரமாக வைத்திருக்கும் மாதிரி) எடுத்த வரிசைகளை மட்டும் காட்டும்படி வடிகட்டுங்கள். பொருத்த சதவீதத்தோடு, உங்கள் வரிசையில் எவ்வளவு நீளம் பொருந்தியது என்ற கட்டத்தையும் பாருங்கள். 40% நீளத்துக்கு 99% பொருத்தம் என்றால் அதில் அர்த்தமில்லை. பிறகு அதே வரிசையைப் பூஞ்சை ஐடிஎஸ்ஸுக்கான யுனைட் தளத்திலும் போடுங்கள். 97% பொருந்தினால் ஒரே சிற்றினம் என்ற எல்லைக்கோட்டை நான் மதிப்பதில்லை. கேனோடெர்மாவில் தனித்தனிச் சிற்றினங்களே அதைவிட நெருக்கமாக இருப்பதுண்டு.

படி 6: உறவு மரம் வரைதல் (யார் யாருக்கு நெருக்கம் என்று காட்டும் கிளைப்படம்)

நம்பகமான வரிசைகளோடு மாஃப்ட் மென்பொருளில் அடுக்கி, அலிவியூவில் கண்ணால் ஒருமுறை பார்த்து, மரம் வரையும் ஐக்யூ-ட்ரீயில் ஓட்டுங்கள். வெளிக்குழுவாக (மரத்தின் வேர் எங்கே என்று காட்டச் சேர்க்கும் தூரத்து உறவு) அமௌரோடெர்மா பேரினத்தைப் போடலாம். ஐடிஎஸ்ஸில் கிளை பிரியாவிட்டால் டிஇஎஃப்1, ஆர்பிபி2 மரபணுக்களையும் சேர்க்க வேண்டியதுதான்.

கடைசியில் படி 1, 2-ல் எழுதிய நோட்டை எடுங்கள். உறவு மரம் சொல்லும் சிற்றினத்தின் மூல விவரிப்போடு வித்தளவும் சதை நிறமும் ஒத்துப்போகிறதா? போனால் பெயர் எழுதுங்கள். இல்லையென்றால் 'கேனோடெர்மா எஸ்பி.' என்று நிறுத்துங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

பின்சேர்க்கை: உறவு மரத்தில் கிளை ஆதரவு (அந்தக் கிளையை எவ்வளவு நம்பலாம் என்று காட்டும் எண்) 80 வந்தது, போதுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சாதாரண பூட்ஸ்ட்ராப்பில் (தரவை மாற்றி மாற்றி எடுத்துத் திரும்பத் திரும்ப மரம் வரைந்து பார்க்கும் சோதனை) 70-க்கு மேல் போதும் என்பார்கள். ஐக்யூ-ட்ரீயின் அதிவேக பூட்ஸ்ட்ராப்புக்கு அது பொருந்தாது. அங்கே 95 வேண்டும்.

இன்னொன்று: மாதவரம் பக்கம் புல்தரையில் முளைத்த பெரிய வெள்ளைக் குடைக்கும் இதே வழியா என்று கேட்ட தம்பிக்கு: குடையை வெட்டி, பாதி வெள்ளை பாதி கறுப்புக் காகிதத்தில் ராத்திரி கவிழ்த்து வையுங்கள். வித்துத்தூள் பச்சையாக விழுந்தால் அது பெரும்பாலும் குளோரோஃபில்லம் மொலிப்டைட்ஸ். தின்றால் வாந்தியும் பேதியும் பிடுங்கும். இளம் குடையில் அடிப்பக்கச் செவுள்கள் இன்னும் வெள்ளையாக இருக்கும், தூளே விழாது. விரிந்ததாகப் பார்த்து எடுங்கள்.