சுவருக்குள்ள வைக்கிற எலெக்ட்ரிக் ஃபயர்பிளேஸ்: தவிர்க்க வேண்டிய பிழைகள்

அஜாக்ஸ், மார்க்கம், பிரம்ப்டன் எண்டு ரொறன்ரோவைச் சுத்தி எங்கட ஆக்கள் வீடு வாங்கினா லிவிங் ரூம்ல ஒரு ஃபீச்சர் வோல், மேல ரீவி, கீழ எலெக்ட்ரிக் ஃபயர்பிளேஸ், இது இப்ப கட்டாயம் மாதிரி ஆகிட்டுது. நான் வயரிங் வேலை செய்யிறன். அளவெடுக்காம வாங்கிறது மாதிரி விசயங்கள் உங்களுக்கே தெரியும், அதை விடுறன். தொழிலுக்கு வந்த புதுசில நாங்கள் விட்ட அதே பிழையளை இப்ப வாற பெடியளும் விடுறதைப் பார்த்துத்தான் எழுதுறன்.

கரண்டை யோசிக்காம டைல் ஒட்டுறது

காசை விழுங்கிற பிழை இதுதான், இண்டைக்கும் எனக்குக் கோபம் வாறதும் இதுக்குத்தான். சாதாரண 120 வோல்ட் ஃபயர்பிளேஸில ஹீட்டைப் போட்டா 1500 வாட் இழுக்கும், அது 12.5 ஆம்ப். லிவிங் ரூம் ப்ளக்குகள் வழக்கமா 15 ஆம்ப் பிரேக்கரில, அதுவும் ஒரு பிரேக்கரில பல ப்ளக் இருக்கும். மிச்சம் 2.5 ஆம்ப். அதுக்குள்ள ரீவி, சவுண்ட்பார், வைஃபை பெட்டி, பிறகு ஆராவது வாக்யூம் கிளீனரைக் கொழுவினா பிரேக்கர் விழும், விழத்தான் வேணும். சிலர் உடன 20 ஆம்ப் பிரேக்கரை மாத்தி விடுறாங்கள், உள்ள ஓடுறது 14 கேஜ் வயர், அது 15 ஆம்புக்குத்தான், சூடேறிச் சுவருக்குள்ளயே பத்தக்கூடும். தயவுசெய்து அதைச் செய்யாதேங்கோ.

போன குளிருக்கு ஒரு அக்கா கூப்பிட்டவ. தரையில இருந்து சீலிங் மட்டும் பெரிய போர்சலின் ஸ்லாப், நல்ல வடிவு. ஆனா ஹீட் ஓடேக்க பக்கத்து ப்ளக்கில அயன் பண்ணினா ரீவியோட எல்லாம் நிக்குது. சுவர் செய்த கொன்ராக்டர் ரீவி ப்ளக்கில இருந்தே வயரை இழுத்து விட்டிருக்கிறார். "தம்பி, ஸ்லாப்பை உடைக்காம ஏதும் செய்யலாமோ?" எண்டு கேட்டா. பின் அறைச் சுவரை வெட்டி, பேஸ்மென்ற் சீலிங்கையும் திறந்து புது லைன் இழுத்தம், பிறகு ட்ரைவோல், பெயின்ற் எண்டு ஃபயர்பிளேஸ் விலையை விடக் கூடப் போச்சுது. சுவர் வெறும் ஃபிரேமா நிக்கேக்க செய்திருந்தா அரைநாள் வேலை அது.

மொடலை முதல் முடிவெடுங்கோ, மனுவலை வாசியுங்கோ, பனலில (பிரேக்கர் எல்லாம் இருக்கிற பெட்டி) இருந்து தனி லைன் இழுத்து முடிச்ச பிறகு சுவரை மூடுங்கோ. 240 வோல்ட் மொடல் எண்டா பனலில ரெண்டு இடம் வேணும், அதையும் முதலே பாருங்கோ. ஒன்ராறியோவில புது லைனுக்கு ஈஎஸ்ஏக்கு (மாகாணத்தில மின்சாரப் பாதுகாப்பைப் பார்க்கிற அமைப்பு) அறிவிக்க வேணும், காசுக்குச் செய்யிறவர் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரிக்கல் கொன்ராக்டரா இருக்கவேணும்.

பெரிசு வாங்கினா கூடச் சூடு எண்டு நினைக்கிறது

120 வோல்ட்டில 36 அங்குலமும் 1500 வாட்தான், 60 அங்குலமும் 1500 வாட்தான். நெருப்பு நீளமாத் தெரியும், அவ்வளவுதான். 1500 வாட் எண்டா மணிக்கு 5100 பிடியு (சூட்டை அளக்கிற அலகு) அளவு, ஒரு அறைக்குக் காணும், வீட்டுக்குக் காணாது.

வெளிச்சுவரைக் குடையிறது

2x4 ஸ்டட் (சுவருக்குள்ள நிக்கிற மரச்சட்டம்) சுவரில ஆழம் 3.5 அங்குலம்தான், ஃபயர்பிளேஸ் அனேகமா அதை விட ஆழம். உடன இன்சுலேஷனையும் வேப்பர் பாரியரையும் (ஈரத்தைத் தடுக்கிற பிளாஸ்டிக் தாள்) வெட்டி எறிஞ்சு உள்ள தள்ளுறாங்கள். இஞ்சத்தைக் குளிருக்கு அந்த இடம் ஈரம் பிடிச்சு பூஞ்சணம் வரும். வெளிச்சுவரைத் தொடாம அதுக்கு முன்னால புதுசா ஒரு ஃபிரேம் அடியுங்கோ, அறையில கொஞ்ச இடம் போனாலும் பரவாயில்லை.

எக்ஸ்டென்ஷன் கோட்

வேண்டவே வேண்டாம்.

சூடு எங்கால வருது எண்டு பார்க்காம ரீவி கொழுவுறது

மனுவலில சொன்ன இடைவெளியை விடுங்கோ.

கடை இருட்டில பார்த்து வாங்கிறது

கடைக்காரர் இருட்டு மூலையில வச்சுத்தான் காட்டுவினம். பெரிய ஜன்னலுக்கு நேரெதிரா வச்சா பகலில கண்ணாடியில றோட்டுத்தான் தெரியும், நெருப்புத் தெரியாது. லைட்டைப் போடச் சொல்லிப் பாருங்கோ, ஹீட்டையும் போடச் சொல்லி ஃபான் சத்தத்தைக் கேளுங்கோ, பிறகு காசைக் குடுங்கோ.