வாடைக்கு முன் பைபர் படகின் அடியைப் பார்த்துவிடுங்கள்

யாழ்ப்பாணத்தில் குருநகர், பாசையூர், மயிலிட்டி, பருத்தித்துறை என்று எந்தக் கரைக்குப் போனாலும் இப்போது நிற்பது பெரும்பாலும் 18 முதல் 23 அடி வரையான பைபர் படகுகள்தான், அதாவது கண்ணாடி இழையை ரெசின் என்ற பசையால் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தவை. இவற்றின் அடிப்பக்க வேலையைப் பலர் கார்த்திகை, மார்கழி வரை தள்ளிப்போடுகிறார்கள். வாடைக்காற்றும் மழையும் சேர்ந்து தொழிலுக்குப் போகமுடியாத நாட்கள், கை சும்மா இருக்கிறது, சரி. ஆனால் பைபர் வேலைக்கு ஆண்டிலேயே மோசமான காலம் அதுதான், ஏனென்றால் ஈரத்தின் மேல் ரெசின் பிடிக்காது. பிடித்தது போலத் தெரியும், இரண்டு மாதத்தில் மட் என்கிற கண்ணாடி இழை விரிப்போடு சேர்ந்து தோலாக உரிந்து வரும். ஒரு கிழமைத் தொழிலை விட்டாவது ஆவணி, புரட்டாதியில் இதைச் செய்து முடியுங்கள்.

முதலில் படகைக் கவிழ்த்து நல்ல தண்ணீரால் உப்புப் போகக் கழுவிக் காயவிடுங்கள். பிறகு ஒரு சின்னச் சுத்தியலின் பிடியாலோ நாணயத்தாலோ அணியத்திலிருந்து பின்பக்கம் வரை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இடம் 'டக்' என்று கணீரென ஒலிக்கும், அடுக்குகள் பிரிந்த இடம் 'பொத்' என்று மந்தமாகக் கேட்கும். கேட்ட இடத்தையெல்லாம் பென்சிலால் வட்டம் போடுங்கள். நட்சத்திரம் மாதிரி மெல்லிய வெடிப்புகள் இருந்தால் உப்புத்தாளால் கொஞ்சம் தேய்த்துப் பாருங்கள். வெடிப்பு மறைந்துவிட்டால் மேல்பூச்சான ஜெல்கோட்டோடு நின்றுவிட்டது, பயமில்லை. தேய்க்கத் தேய்க்கக் கீழே போய்க்கொண்டிருந்தால், அல்லது உள்ளே வெள்ளையாகப் பூத்துத் தெரிந்தால், இழை உடைந்திருக்கிறது.

எஞ்சின் தொங்கும் பின்பலகையைக் கட்டாயம் பாருங்கள். பெரும்பாலான படகுகளில் அது பைபருக்குள் பொதிந்த பிளைவூட். போல்ட் துளையால் சொட்டுச் சொட்டாக இறங்கும் தண்ணீர் அந்தப் பலகையை உள்ளுக்குள்ளேயே உக்க வைக்கும், வெளியில் ஒன்றும் தெரியாது. எஞ்சினின் காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். பலகை சேர்ந்து அசைந்தால் போல்ட்டை இன்னும் இறுக்குவதில் பிரயோசனம் இல்லை, வெட்டித் திறந்து பலகையை மாற்றத்தான் வேண்டும். நடுக்கடலில் எஞ்சினோடு பின்பக்கம் கழன்றால் உயிருக்கே ஆபத்து, இதில் காசு பார்க்காதீர்கள். புதிதாகத் துளை போட்டால் துளையின் உள்சுவருக்கு ரெசின் பூசி, போல்ட்டைச் சுற்றிக் கடலுக்கு ஏற்ற சீலன்ட் வைத்து இறுக்குங்கள்.

உடைந்த இடத்தைக் கட்டும்போது மேலே புட்டி அப்பி வர்ணம் அடித்து விடுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வேலை. பலம் இழையில்தான் இருக்கிறது, புட்டியில் இல்லை. காரின் வெளித்தகட்டுக்கு அடிக்கிற புட்டி தண்ணீரையும் உறிஞ்சும். கிரைண்டரால் ஓட்டையின் விளிம்பைச் சரிவாகத் தேய்த்து எடுங்கள். தடிப்பைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவு வேண்டும், அதாவது 5 மில்லிமீற்றர் தடிப்பென்றால் சுற்றிவர 6 சென்ரிமீற்றர். தூசு நெஞ்சுக்குக் கூடாது, மாஸ்க் போடாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள். தேய்த்த இடத்தை மறுபடி நல்ல தண்ணீரால் கழுவிப் பல நாள் காயவிட்டு, ஒரு பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி வெயிலில் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் பனித்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, பொறுங்கள்.

காய்ந்தபின் அசிற்றோனால் துடைத்துவிட்டு மட் போடலாம். சதுர மீற்றருக்கு 450 கிராம் எடையுள்ள மட் ஒரு அடுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் தடிப்புத் தரும், ஒரு சதுர மீற்றருக்கு ரெசின் ஒரு கிலோ அளவில் போகும். ஒரு கிலோ ரெசினுக்கு, அதை இறுகவைக்கும் காட்னர் 10 முதல் 20 கிராம். நம் வெயிலுக்குக் குறைந்த பக்கமே நில்லுங்கள், ஆனால் 10 கிராமுக்குக் கீழே போகாதீர்கள், ஒழுங்காக இறுகாது. உச்சி வெயிலில் கலந்தால் கைக்குள்ளேயே கட்டியாகிவிடும், அதனால் பனி காய்ந்த காலைதான் நல்லது. இறுகுவதை விரைவாக்கும் கோபால்ற்றைத் தனியாக வாங்கினால் முதலில் அதை ரெசினில் நன்றாகக் கலந்து, அதன் பிறகே காட்னர் விடவேண்டும். இரண்டையும் நேரே ஒன்றோடொன்று சேர்த்தால் வெடிக்கும். காட்னர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், கண்ணாடி போடுங்கள், பட்டுவிட்டால் கால் மணித்தியாலம் விடாமல் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஒரே மூச்சில் மூன்று நாலு அடுக்குக்கு மேல் போடவேண்டாம், சூடேறி வெடிப்பு விழும். ஒவ்வொரு அடுக்கிலும் காற்றுக்குமிழை ரோலரால் துரத்துங்கள்.

அடியில் நெடுக ஓடும் ஏராதான் முதலில் தேய்கிற இடம், அதுவும் வடகரையில் முருகைக்கல் மேல் இழுக்கிற படகுகளுக்கு. அங்கே மட்டும் கூடுதலாக இரண்டு மூன்று அடுக்குப் போட்டு, கீழே உருளைத்தடி வைத்து இழுங்கள். மற்றபடி முழு அடியையும் தடிப்பாக்கிப் பாரம் ஏற்றாதீர்கள். தட்டை இரட்டிப்புத் தடிப்பாக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும் என்பது உண்மைதான், ஆனால் அதே விறைப்பை உள்ளே ஓடும் விலாச்சட்டங்கள் மிகக் குறைந்த பாரத்தில் தருகின்றன. சட்டம் அடியோடு ஒட்டும் மூலையில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், பலருக்கு அது கண்ணில் படுவதே இல்லை.

மர வள்ளம் வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் அப்படியே செய்யவேண்டாம், அங்கே கணக்கு நேர் எதிர். பலகை அதிகம் காய்ந்தால் சுருங்கிப் பொருத்துகள் விலகும், நிழலில் வைத்து ஈரம் காக்கவேண்டும். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற மரக்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் வரை பாயில் போய்ச் சேர்ந்தது. பைபருக்கு முன்பே அந்தக் கப்பல் கட்டும் மேத்திரிமார் கடலுக்குத் தாங்கும் அடியைக் கட்டியிருந்தார்கள்.

கட்டி முடித்தபின் ஒரு கிழமை விடுங்கள். பிறகு படகை நிமிர்த்தி, அடி தாங்கும்படி சமமாக முட்டுக்கொடுத்து, உள்ளே ஒரு சாண் நல்ல தண்ணீர் விட்டு இரவு முழுக்க வையுங்கள். காலையில் வெளியே எங்காவது கசிந்திருந்தால் அந்த இடத்தை மறுபடி தேய்த்து முதலிலிருந்து செய்யுங்கள், காய்ந்திருந்தால் இறக்கலாம்.