ஒரு விலங்கின் உடலமைப்பை முறையாகப் படித்தறிவது எப்படி?

முன்பின் அறியாத ஒரு விலங்கு எந்தத் தொகுதியை (விலங்குலகின் பெரும்பிரிவை) சேர்ந்தது என்று கண்டறிய, அதன் நிறத்தையும் அளவையும் வாழிடத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டு, உடல் எந்தத் திட்டத்தில் அமைந்திருக்கிறது என்பதை மட்டும் பார்க்க வேண்டும். கேள்விகளின் வரிசையை மாற்றாதீர்கள். முந்தைய கேள்விக்கு விடை தெரியாவிட்டால் அடுத்த கேள்விக்குப் பெரும்பாலும் பொருளே இருப்பதில்லை.

முதலில், உண்மையான திசுக்கள் உண்டா என்று பாருங்கள். கடற்பஞ்சுகளின் செல்கள் வேலையைப் பகிர்ந்துகொண்டாலும் உண்மையான திசுக்களாகவோ உறுப்புகளாகவோ ஒழுங்குபடுவதில்லை; அவற்றைப் பொறுத்தவரை தேடல் இங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது சமச்சீர். மைய அச்சின் வழியாகப் பல தளங்களில் பிரித்தாலும் ஒத்த பாதிகள் கிடைத்தால் அது ஆரச் சமச்சீர். ஒரே ஒரு தளத்தில் மட்டும் கிடைத்தால் இருபக்கச் சமச்சீர். முன்னோக்கி ஊர்ந்தோ நீந்தியோ செல்லும் விலங்குக்குப் புதிய சூழலை முதலில் சந்திப்பது முன்முனை என்பதால், புலனுறுப்புகளும் நரம்புகளும் அங்கே திரண்டு தலையாகியிருப்பதை இருபக்கச் சமச்சீர் உள்ளவற்றில் பரவலாகக் காணலாம்.

பின்னர் கருவின் அடுக்குகளை எண்ணுங்கள். ஜெல்லி மீனும் ஹைட்ராவும் புற அடுக்கு, அக அடுக்கு என்னும் இரண்டிலிருந்து உருவாகின்றன. மற்றவற்றில் பெரும்பாலானவை தசை, இதயம், இரத்தம் ஆகியவற்றைத் தரும் நடு அடுக்கையும் பெற்ற மூவடுக்கு உயிரிகள். இந்த நடு அடுக்குக்குள் குழி உண்டானால் அது மண்புழுவில் இருப்பது போன்ற உண்மையான உடற்குழி. நடு அடுக்கு அதை முழுமையாகச் சூழாவிட்டால் உருளைப்புழுவின் போலி உடற்குழி. குழியே இல்லையென்றால் தட்டைப்புழு.

கருவில் முதலில் தோன்றும் துளை பிற்காலத்தில் எதுவாகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நட்சத்திர மீன் போன்ற முட்தோலிகளிலும் முதுகெலும்பிகளிலும் அது மலவாய்ப் பக்கமாக அமைய, வாய் பின்னர் தனியே திறக்கிறது. பூச்சிகள், நத்தைகள், மண்புழுக்கள் அடங்கிய பெருங்கிளையில் அத்துளை வாயாகிறது என்று பாடநூல்கள் கூறினாலும், அக்கிளைக்குள் விலக்குகள் பல உண்டு. எனவே இந்த ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

இதுவரை சொன்னவற்றைவிட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, முதிர்ந்த உடலை மட்டும் பார்த்து நின்றுவிடாமல் லார்வாவையும் (முட்டையிலிருந்து வெளிவரும் இளம் பருவத்தையும்) கட்டாயம் பார்க்க வேண்டும் என்பதே. நட்சத்திர மீன் ஐந்து கைகளோடு ஆரச் சமச்சீராகத் தெரிந்தாலும் அதன் லார்வா இருபக்கச் சமச்சீர் உடையது. அவ்வகையில் அது ஜெல்லி மீனைவிட நமக்கே நெருங்கிய உறவு. பாறையில் ஒட்டி, ஓட்டுக்குள் வாழும் பார்னக்கிளை இயற்கையாளர்கள் நெடுங்காலம் நத்தை, சிப்பி போன்ற மெல்லுடலிகளோடு சேர்த்திருந்தனர். அதன் நீந்தும் லார்வாவைக் கவனித்த இயற்கையாளர் ஜான் வாகன் தாம்சன், அது நண்டு, இறால்களின் இனம் என்று 1830-இல் காட்டினார். பை போல ஓரிடத்தில் அமர்ந்து நீரை வடிகட்டி உண்ணும் அசிடியனின் லார்வாவில், தலைப்பிரட்டையைப் போன்ற வாலும் அதனுள் முதுகெலும்பிகளின் கருவில் தோன்றும் தாங்குதண்டான முதுகுநாணும் இருப்பதை 1866-இல் ரஷ்ய விலங்கியலாளர் கோவலெவ்ஸ்கி விளக்கியபோது, அதன் இடம் முதுகெலும்பிகளுக்கு அருகே மாறியது. முதிர்ச்சியின்போது மறைந்துபோகும் ஓர் உறுப்பில்தான் அவ்வளவு பெரிய சான்று இருந்தது.

கடைசியாக, உங்கள் முடிவை மரபணு ஒப்பீட்டோடு சரிபாருங்கள். உடற்குழியின் வகையே பரிணாம உறவைக் காட்டும் என்று முன்பு கருதப்பட்டது. 1997-இல் ரைபோசோம் (செல்லில் புரதத்தை உருவாக்கும் அமைப்பு) மரபணுவை ஒப்பிட்ட ஆய்வு, தோலுரித்து வளரும் உருளைப்புழுக்களும், பூச்சிகள் அடங்கிய கணுக்காலிகளும் ஒரே கிளை என்று காட்டியது. எனவே உருளைப்புழுவுக்கு எதிரே ‘போலி உடற்குழி’ என்று எழுதும்போது அதை அமைப்பின் விவரமாக மட்டும் பதியுங்கள். உறவைக் குறிக்கும் இடத்தில் உருளைப்புழுவைப் பூச்சிகளின் பக்கத்தில் வையுங்கள்.